வந்துகொண்டிருப்பவர்

நாச்சிமுத்து சேலத்தில் ஆகாய விமானம் ஏறியது முப்பத்து நான்காம் வருஷம் மாசி மாதம். கல்லாங்காட்டூரில் தன் சொந்தக் காட்டில் வந்து இறங்கியது நாற்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசி. இரண்டு ஊருக்கும் இடையே தூரம் முப்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் விமானம் எங்கும் இறங்கவில்லை, பழுதாகவும் இல்லை. வந்துகொண்டேதான் இருந்தது. அந்த வருஷங்களில் மல்லூரிலும் ராசிபுரத்திலும் குடியிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

விமானம் ஏறியபோது நாச்சிமுத்துவுக்கு வயது இருபத்தெட்டு. நாமக்கல்லுக்கு வடக்கே கல்லாங்காட்டூரில் அவருக்கும் அவர் அண்ணன் பெரியசாமிக்குமாகக் கொஞ்சம் மேட்டுக்காடும் இரண்டு கிணறும் இருந்தன. நிலக்கடலையும் சோளமும் போட்டார்கள். நாச்சிமுத்து பொறுமை என்பதே இல்லாதவர். நடந்து போனால் கூட வருகிறவர்கள் ஓடிவர வேண்டும். அவர் மனைவி சௌந்திரத்துக்கு வயது இருபத்திரண்டு, பிறந்த ஊர் வாழப்பாடி. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் தாய்வீடு போயிருந்தாள். விதைப்பு முடியட்டும், களையெடுப்பு ஆகட்டும், கடலை பிடுங்கட்டும் என்று அடுத்த பயணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் சேலத்துக்குக் கிளம்பிய அன்று காலையிலும் கேட்டாள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று மனதில் வைத்திருந்தாள், கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "சேலம் போயிட்டு வந்தொடனே உன்னக் கொண்டு போயி உட்டர்றேன், போதுமா புள்ள? அதுவரைக்கும் ஊட்ட உட்டு நகராத" என்றார். அவர் சொன்ன இரண்டில் முதலாவதை ஊரில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

சேலத்துக்கு மேற்கே ஒரு பொட்டலில் அந்த வாரம் ஒரு விமானம் வந்து நின்றிருந்தது. இரட்டை இறக்கை, மேலே கூரை கிடையாது. முன்னால் ஒரு ஆள் உட்காரக் குழி, பின்னால் ஓட்டுகிற வெள்ளைக்காரருக்கு ஒரு குழி. கட்டணம் கொடுத்தவர்களைச் சேலத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டார்கள். கடலை மண்டிக்கு வந்த நாச்சிமுத்து பண்ணையாள் மாரியப்பனோடு அதை வேடிக்கை பார்த்தார். "ஏறுன எடத்துலயே எறங்கறதுக்கு எதுக்குடா ஏறோணும்?" என்று கேட்டுவிட்டு, அங்கிருந்த மொழிபெயர்ப்பாளரிடம் போய்த் தன்னைத் தன் காட்டிலேயே கொண்டுபோய் இறக்கச் சொன்னார். வெள்ளைக்காரரும் அடுத்து நாமக்கல் பக்கம் ஒரு சமதளம் தேடிக்கொண்டிருந்தார், ஒப்புக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று நாச்சிமுத்து கேட்டதற்கு இருபது நிமிஷம் என்று பதில் வந்தது. பஸ்ஸில் போனால் மல்லூரில் நின்று ராசிபுரத்தில் நின்று அரைப் பொழுது போய்விடும். அவர் தலையில் தோல் குல்லாயை மாட்டி, கண்ணுக்கு ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியையும் கட்டினார்கள். குழிக்குள் உட்கார்ந்தபடி அவர் மாரியப்பனைக் கூப்பிட்டு, "நீ பஸ்ஸுல வா. நீ வர்றப்ப நான் சாப்புட்டுப் படுத்துருப்பேன்" என்றார்.

விமானம் எல்லோரும் பார்க்க நன்றாகத்தான் கிளம்பியது. மாரியப்பன் ஏறிய பஸ் சீலநாயக்கன்பட்டியைத் தாண்டும்போது அது மேலே முந்திப் போயிற்று. மல்லூர் ஏரிக்கரையில் பஸ் அதை முந்தியது. மாரியப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தான். விமானம் வானத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல் இருந்தது. அதன் மூக்கில் இருந்த விசிறி, மாடு அசைபோடும்போது தாடை அசைகிற வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீடு வந்து சேர்ந்த மாரியப்பன் வாசலில் நின்று, "ஆத்தா, பஸ்ஸு முந்திருச்சுங்க. அவிய பின்னால வர்றாங்க" என்றான். சௌந்திரம் அடுப்பில் சோற்றை வைத்தாள்.

மறுநாள் பெரியசாமி வண்டி கட்டிக்கொண்டு மல்லூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விசிறி இன்னும் மெதுவாகியிருந்தது. ஒரு வாரம் கழித்து, அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு ஆள் ஏரியைச் சுற்றி வந்துவிடலாம் என்று ஆயிற்று. விமானத்தைச் சேலத்துக்குக் கொண்டுவந்த கம்பெனிக்காரர்கள் காரில் வந்து தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். எதிர்க்காற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் விமானம் நிற்கவில்லை. மல்லூர்க்காரர்கள் ஒரு தென்னை மரத்தைக் குறி வைத்துப் பார்த்ததில், முதல் நாள் மரத்துக்கு வடக்கே இருந்த மூக்கு மூன்றாம் நாள் மரத்துக்கு நேராக வந்திருந்தது. ஆக நாச்சிமுத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அதுதான் சௌந்திரத்துக்குப் பெரிய சங்கடமாகிப் போனது.

ஆனி மாதம் அவள் அப்பா சின்னண்ணன் வாழப்பாடியிலிருந்து வந்தார். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போக வந்தவரைப் பெரியசாமி கட்டிலில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார். பெரியசாமி கெட்டவர் இல்லை. தம்பி மனைவியை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, வீட்டில் முதல் நெய்யும் முதல் பாலும் அவளுக்குத்தான். "கூட்டிட்டுப் போங்க மாமா, நான் வேண்டாங்கலீங்க. ஆனா நாளைக்கே தம்பி வந்து எறங்கீட்டா நான் என்னன்னு சொல்றதுங்க? இத்தன தொலவு வந்தவனுக்கு ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடுக்கப் பொண்டாட்டி இல்லீன்னா, அவன் மனசு என்ன பாடுபடும்?" என்றார். "எத்தினி நாளைக்கிங்க இப்பிடி?" என்று சின்னண்ணன் கேட்டார். "வந்துக்கிட்டுத்தானுங்களே இருக்கறான்" என்றார் பெரியசாமி. ஊர்ப் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். காணாமல் போன புருஷன் என்றால் வேறு பேச்சு, செத்துப்போனவர் என்றாலும் வேறு பேச்சு. இவர் வழியில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. சின்னண்ணன் திரும்பிப் போகிற வழியில் மல்லூரில் இறங்கி, விமானத்துக்கு அடியில் நின்று, "மாப்பிள்ளே!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். பிறகு கழுத்துச் சுளுக்கோடு வாழப்பாடி போய்ச் சேர்ந்தார். புரட்டாசியில் சௌந்திரம் கல்லாங்காட்டூரிலேயே ஒரு பெண் குழந்தை பெற்றாள். வள்ளியாத்தாள் என்று பேர் வைத்தார்கள்.

அதன் பிறகு வருஷங்கள் போயின. மேட்டூரில் அணை கட்டி முடித்தார்கள். ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். ஒரு வருஷம் மழை பெய்து கடலை வேரோடு அழுகியது, அடுத்த இரண்டு வருஷம் பெய்யவே இல்லை. விமானம் மல்லூர் ஏரியைக் கடந்து, பாறைக் கரடுகளுக்கு மேலாக வந்து, ராசிபுரத்துக்கு மேலே ஒன்றரை வருஷம் இருந்தது. நிழல் சந்தைமேட்டில் விழுந்ததால் அந்தக் கோடையில் மட்டும் வெண்ணெய் விற்கிறவர்கள் வாழையிலை போட்டு மூடவில்லை. நிழல் அடுத்த தெருவுக்கு நகர்ந்தபோது அங்கே கடை போடுவதில் அடிதடி ஆயிற்று. ஒவ்வொரு நாளும் ராசிபுரத்துப் பஸ்ஸில் வருகிறவர்கள், "இன்னிக்கு மாரியம்மன் கோயிலுக்கு நேரா இருந்துச்சுங்க" என்று பெரியசாமி வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் சௌந்திரம் ஒரு ஆளுக்கு அதிகமாகச் சோறு வடித்தாள். சாயங்காலம் அதை மாரியப்பனின் மனைவி செல்லியம்மாள் வாங்கிக்கொண்டு போனாள். அவள் பிள்ளைகள் அந்தச் சோற்றில்தான் வளர்ந்தன. சௌந்திரத்தின் தங்கை கல்யாணத்துக்கு வாழப்பாடியிலிருந்து பத்திரிகை வைக்க வந்தார்கள். சௌந்திரம் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகவில்லை. நாமக்கல்லில் ஒரு வக்கீலிடம் ஆள் மூலம் கேட்டுப் பார்த்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறார், விட்டுவிட்டுப் போகவுமில்லை, வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார், இதில் கோர்ட்டுக்கு வேலை இல்லை என்று அவர் சொல்லி அனுப்பினார்.

யுத்தம் தொடங்கிய வருஷம் தை மாதம் சின்னண்ணன் இறந்துபோன செய்தி வந்தது. சௌந்திரம் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு சேலையை மடித்து மஞ்சள் பையில் வைத்து, வள்ளியாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். பெரியசாமி பின்னாலேயே வந்தார், தடுக்கவில்லை. ரோட்டோரத்தில் சற்றுத் தள்ளித் துண்டை இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றார். பஸ் வந்து நின்றது. அவளை யாரென்று தெரிந்துகொண்டதும் ஜன்னலோரம் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "அவிய ராசிபுரத்தத் தாண்டீட்டாங்களே சாமி. இன்னிக்கோ நாளைக்கோ வந்துட்டா?" என்றார். ஓட்டுநர் இறங்கி வந்து அவள் காலைத் தொடாத குறையாகக் குனிந்து, "ஏனுங்க, தெனோம் அவியளுக்கு அடியிலதான் வண்டி ஓட்டறேன். உங்கள ஏத்திக்கிட்டு அந்த வழியா எப்புடிங்க போவேன்? எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க" என்றான். பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த பஸ்ஸும் அவளை ஏற்றவில்லை. பொழுது சாய்கிறவரை சௌந்திரம் மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுததாக யாரும் சொல்லவில்லை. பிறகு எழுந்து வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அடுப்புப் பற்ற வைத்தாள்.

நாற்பத்திரண்டில் விமானம் கல்லாங்காட்டூர் எல்லைக்குள் வந்தது. அதுவரை வடக்கு வானத்தில் ஒரு வண்டுபோல் இருந்தது, இப்போது பனைமரத்துக்கு மேலே இரண்டு பனை உயரத்தில் வந்து நின்றது. அதன் சத்தம் காதில் கேட்பதாக இல்லை. பல்லில் ஒரு கூச்சமாகவும், கிணற்றுத் தண்ணீரில் ஒரு நடுக்கமாகவும் இருந்தது. மாடுகள் முதல் மாதம் பால் குறைத்தன, பிறகு பழகிக்கொண்டன. யுத்தத்துக்காகச் சர்க்கார் ஆட்கள் ஜீப்பில் வந்து, அது ஜப்பான் விமானம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரவில் விளக்கை மறைத்து வைக்கச் சொன்னார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் ஊருக்கு அதில் சிரமம் இருக்கவில்லை.

சிரமம் நாச்சிமுத்துவின் முகத்தால் வந்தது. விமானம் சாய்ந்து இறங்க ஆரம்பித்ததும் குழிக்குள் அவர் முகம் கீழே இருந்தே தெரிந்தது. தோல் குல்லாய், கறுப்புக் கண்ணாடி, அகலத் திறந்த வாய். சிரிக்கிறார் என்றார்கள். ஊரைப் பார்த்த சந்தோஷம் என்றார்கள். தலை ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தது, அது ஒரு போகம் விளைகிற காலத்தில் கிழக்கிலிருந்து மேற்கே மெல்ல நகர்ந்தது. அவர் பார்வை பட்ட இடத்தில் யாரும் வெட்டவெளியில் கால் நீட்டி உட்காரவில்லை. பெண்கள் அந்தப் பக்கத்துக் கிணற்றில் குளிப்பதை விட்டார்கள். கூலிக்காரர்கள் வரப்பில் நின்று வெற்றிலை போடவில்லை. வரப்பை அரை முழம் தள்ளிப் போட்டிருந்த பக்கத்துக் காட்டுக்காரர் தானாகவே பழைய இடத்துக்கு மாற்றிக்கொண்டார். வள்ளியாத்தாள் மட்டும் தினமும் காலையில் வாசலுக்கு ஓடிவந்து, "அப்பா!" என்று கையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். அவளுக்கு அப்பா என்றால் மேலே இருக்கிற ஒன்று.

நாற்பத்து நான்கு ஆடியில் பார்வை வீட்டு வாசலுக்கு வந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் பேசி, அவர் பார்க்கும்போது சௌந்திரம் வாசலில் நிற்பதுதான் முறை என்றார்கள். அவள் நின்றாள். தலைகுளித்து, பூ வைத்து, முகத்துக்கு மஞ்சள் பூசி, ஆடியிலிருந்து கார்த்திகை வரை தினமும் மத்தியானத்தில் வெயிலில் மேலே பார்த்தபடி நின்றாள். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவள் கணவர் முகத்தை நேருக்கு நேர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. குனிந்த தலையாகத்தான் இருந்திருந்தாள். இப்போது பார்த்துக்கொண்டே இருந்ததில், அந்த முகம் சின்னதாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மீசைகூடச் சரியாக அடர்த்தி கட்டாத முகம். அவளுக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது.

ஒருநாள் செல்லியம்மாள் சோறு வாங்க வந்தபோது சௌந்திரம், "ஏஞ் செல்லி, உங்கூட்டு மாரியப்பன் ஓடற பஸ்ஸுல இருந்து பாத்தா ரோட்டோரத்துல பறக்கற ஈ தெரியுமா?" என்று கேட்டாள்.

"அது எப்புடிங்க தெரியும்?"

"அப்ப எங்கூட்டுக்காரருக்கு நான் எப்புடித் தெரிவேன்? அவிய ஒருக்கா மூச்சு உடறதுக்குள்ள நமக்கு ஒரு வெள்ளாம முடிஞ்சு போவுது. ஊடு தெரியும், மரம் தெரியும், கெணறு தெரியும். ஓடிக்கிட்டுத் திரியற நம்ம ஆரும் அவியளுக்குத் தெரிய மாட்டோம். அஞ்சு மாசமும் அசையாம நின்னாத்தான் நான் அந்தக் கண்ணுல படுவேன்."

செல்லியம்மாள் கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். "அப்ப எதுக்குங்க ஆத்தா வெயில்ல நிக்கறீங்க?" என்றாள்.

மறுநாளிலிருந்து சௌந்திரம் வாசலில் நிற்கவில்லை. பெரியசாமி ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கும் அதற்குள் கால் முட்டி தேய்ந்து, பேச்சுக் குறைந்திருந்தது. இப்போதாவது வாழப்பாடி போய்விட்டு வரலாமே என்று செல்லியம்மாள்தான் சொல்லிப் பார்த்தாள். சௌந்திரம் மறுத்துவிட்டாள். "இத்தன வருசம் இருந்துபோட்டுக் கடசீல திருட்டுத்தனமா எதுக்குப் போவோணும்? அவிய வரட்டும். வந்த நிமிசமே போறேன்" என்றாள். அப்போது விமானம் சோளத்தட்டுப் போர் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஆட்கள் இறக்கையில் கயிறு கட்டி நாலு ஜோடி மாடு பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். மலையை இழுப்பதுபோல் இருந்தது. நாச்சிமுத்துவின் தோளைத் தொட்டுப் பார்த்தவர்கள் வெயிலில் கிடந்த பாறையைத் தொட்டதுபோல் இருந்தது என்றார்கள். சௌந்திரம் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து ஐப்பசியில், யுத்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில் சக்கரங்கள் மேட்டுக்காட்டு மண்ணைத் தொட்டன. தொட்டதும் பதினோரு வருஷத்துச் சத்தமும் ஒரேயடியாக வெடித்தது. விசிறி கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றது, புழுதி எழுந்து பனையை மறைத்தது, ஆடுகள் பட்டியைத் தாண்டி ஓடின. விமானம் கடலைக்கொடிகளைப் பிய்த்துக்கொண்டு குலுங்கி ஓடி, வேலியோரம் போய் நின்றது. ஊர் முழுக்கக் காட்டுக்கு ஓடி வந்தது. காட்டோரக் களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்த சௌந்திரம்தான் எல்லோருக்கும் முன்னால் இருந்தாள். நாச்சிமுத்து குழியிலிருந்து குதித்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரே நின்ற நரைத்த பெண்ணைப் பார்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, எந்தூருங்க நீங்க? ஒறம்பரை ஊட்டுக்கு விருந்தாளியா வந்தவீங்களா?" என்றார். "எங்கூட்டுச் சௌந்திரம் எங்கீங்க? சத்தம் கேட்டும் ஓடியாரலியே."

சௌந்திரம் கையிலிருந்த கடலையைக் கூடையில் போட்டாள். "அவ வாழப்பாடி போயிட்டாளுங்க" என்றாள்.

"நான் வர்றதுக்குள்ளயா? ஊட்ட உட்டு நகராதன்னு காலைலதானுங்க சொல்லிட்டுப் போனேன்?"

"நகராமத்தானுங்க இருந்தா. நீங்க வந்தொடனேதான் கெளம்புனா. சோறு அடுப்பு மேட்டுல இருக்குதுங்க, போட்டுச் சாப்புடுங்க."

அவள் திரும்பிப் பெரியசாமியிடம் போனாள். "மாமா, அவிய வந்துட்டாங்க. நான் போறனுங்க" என்றாள். அவளை நிறுத்தி வைக்க ஊருக்கு இருந்த ஒரே காரணம் இப்போது காட்டில் நின்று வேட்டியில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. சௌந்திரம் சேலை மடிக்கவில்லை. களத்திலிருந்து அப்படியே வள்ளியாத்தாளைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். வள்ளியாத்தாள் வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அப்பா மற்ற ஆட்களின் உயரமே இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் கரிவாயு அடுப்பை முதுகில் கட்டிய பஸ் ஒன்று புகைந்துகொண்டு வந்து நின்றது. யாரும் ஒன்றும் சொல்லாமல் அவர்களை ஏற்றிக்கொண்டது. சேலத்தில் ரயில் பிடித்து, பொழுது சாய்வதற்குள் வாழப்பாடி போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது. மகளின் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

கல்லாங்காட்டூரில் நாச்சிமுத்துவை நம்ப வைக்க மூன்று நாள் ஆயிற்று. அண்ணனின் நரையைக் காட்டினார்கள், அவர் கேலி செய்தார். அவர் ஊன்றிவிட்டுப் போன தென்னங்கன்றில் காய் பறித்துக் கொடுத்தார்கள், அந்த இளநீரைக் குடித்துவிட்டுத்தான் அவர் போன வருஷங்களை விரல்விட்டு எண்ணினார். வெள்ளைக்காரர் விமானத்தை மறுபடி கிளப்பிச் சேலத்துக்குப் போகலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வேண்டாம் என்று பஸ்ஸில் போனார். விமானம் வேலியோரத்திலேயே நின்றது. கம்பெனி என்று ஒன்று இப்போது இல்லை என்று தகவல் வந்தபின், மழை நாளில் அதன் இறக்கைக்கு அடியில் ஆடு கட்டினார்கள்.

கார்த்திகையில் நாச்சிமுத்து வாழப்பாடிக்கு வந்தார். பஸ்ஸும் ரயிலும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயின. சௌந்திரம் அம்மா வீட்டு வாசலில் முருங்கைக்கீரை கட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். கல்யாணத்தன்று அவர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். இப்போது ஐந்து வயது இளையவர். அவர் நாக்கு அவளை வா போ என்று பேச மறுத்தது. வள்ளியாத்தாள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

சௌந்திரத்துக்கு அவரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "மேல இருந்து எங்களப் பாத்தா எப்புடித் தெரிஞ்சுதுங்க?" என்றாள்.

நாச்சிமுத்து மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். வாசலில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமே பாக்கலீங்க" என்றார். "மேல கெளம்புனதும் வயிறு வாய்க்கு வந்துருச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, எறக்கு எறக்குன்னு கத்திக்கிட்டே வந்தேன். சக்கரம் மண்ணுல பட்ட பொறகுதான் தெறந்தேன். ஊருல சொல்லிப்போடாதீங்க."

சௌந்திரம் கட்டிக்கொண்டிருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிற வரை சிரித்தாள். அதற்கப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். நாச்சிமுத்து கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் புதிது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொம்பில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

"ஊட்டுக்கு வாரீங்களா?" என்று அவர் கேட்டார்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியலீங்க. பாக்கலாம். மெதுவா வாரேன்."

"செரிங்க" என்றார். சாயங்கால ரயிலுக்குப் போனார். அதன் பிறகு மாதம் ஒருமுறை வந்து, பகல் முழுக்க இருந்து, வள்ளியாத்தாளுக்கு மாங்காய் பறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் மெச்சுகிற அளவுக்கு நிதானமாக நடக்கவும் பழகியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் கீரை வாங்க வந்தவள், தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த அவரைக் காட்டி, "யாருக்கா அது, தம்பியா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரரு. என்னவிட அஞ்சு வயசு சின்னவரு" என்றாள் சௌந்திரம்.

"அப்படியா" என்று சொன்ன அந்தப் பெண், கீரை இளசாக இருக்கிறதா என்று ஒரு காம்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனாள்.